திரையிற் கண்ட முகங்கள்

நம் கல்லூரித் தாயின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபோது, பழைய மாணவர் பலரும் எடுத்துக்கொள்ளும் பொருளையே யாமும் எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் எண்ணினோம். காலைப் பிரார்த்தனை, சரசுவதி பூசை, துடுப்பாட்டப் போட்டி, அக்கால ஆசிரியர்களின் கண்டிப்பு ஆகியவற்றை எம்மினும் நன்கு எழுதவல்லார் பலர் உளர். அவர்கள் எழுதியவற்றை அன்பர்கள் இம்மலரின் ஏனைய பக்கங்களிற் கண்டு மகிழ்வார்கள். யாம் எழுதப் புகுவது சினிமாவைப் பற்றியது. தமிழாசிரியன் ஒருவன் விழா மலரிற் சினிமாவைப் பற்றி எழுதுவதா எனப் பெரியோர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அவர்கள் சற்றே பொறுத்து இறுதிவரை படிப்பார்களாக.

யாம் இக்கல்லூரியிற் பயின்று, பின் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சித் தராதரம் பெற்று, சில ஊர்களிற் கடமையாற்றியபின் மீண்டும் இங்கேயே தமிழ் கற்பிக்க வந்தோம். உயர்தர வகுப்பு மாணவர் 22 பேருக்குப் புறப்பொருள் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், “போரும் மனிதரும்” என்னுந் தலைப்பிற் கட்டுரை எழுதுமாறு பணித்தோம். கொப்பிகளைத் திருத்த எடுத்தபோது எமக்கு வியப்பும் அச்சமும் உண்டாயின. இருபத்திரண்டு கட்டுரைகளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. போர் கொடியது, போர் நாட்டின் வளத்தை அழிக்கும், போரினால் அப்பாவிகள் இறப்பர், சமாதானமே உயர்ந்தது என்று மனனஞ் செய்த வாக்கியங்கள் வரிசையாக நின்றன. எழுத்துப் பிழை மிகக் குறைவு. ஆயின் ஒரு கட்டுரையிலேனும் ஒரு மனிதர் இல்லை. இறந்தவருக்கு முகமில்லை, அழுதவருக்குப் பெயரில்லை.

இப்பிள்ளைகள் யார்? 2009 மே மாதத்திற் போர் முடிந்தபோது தாயின் மடியில் இருந்தவர்கள். சிலர் அதற்குச் சற்று முன்னோ பின்னோ பிறந்தவர்கள். இவர்களுள் உறவினர் ஒருவரையேனும் போரிற் பறிகொடுக்காதவர் அரியர். ஆயினும் வீட்டில் நாள்தோறும் காணுந் துயரை ஏட்டில் எழுத அவர்களுக்கு வழி தெரியவில்லை. குறை பிள்ளைகளுடையதன்று, கற்பித்தவருடையதே. பரீட்சைக்குரிய வாக்கியங்களைக் கொடுத்தவர் யாமல்லவா?

அன்றிரவு யாம் நினைத்துப் பார்த்தோம். புறநானூற்றிலே, மகன் போரிற் புறமுதுகிட்டு இறந்தான் என ஊரார் கூறக் கேட்டு, வாளொடு களம் புகுந்து, பிணங்களைப் புரட்டிப் பார்த்து, சிதைந்து வேறாகிக் கிடந்த மகனைக் கண்டு ஈன்ற ஞான்றினும் பெரிது மகிழ்ந்த தாயைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டுகிறார். அப்பாடலை ஆண்டுதோறும் கற்பித்தோம். அத்தாயின் வீரத்தை விதந்துரைத்தோம். ஆனால் அவள் வீடு திரும்பியபின் அன்றிரவு என்ன செய்தாள், உலையேற்றினாளா, யாருக்குச் சோறிட்டாள் என்று ஒரு நாளும் வகுப்பிற் கேட்டதில்லை. இன்றைய உலகில் அக்கேள்வியைக் கேட்பதற்கு வல்ல கலையாகச் சினிமா இருக்கிறது என்று எமக்குத் தோன்றியது. அதிபரிடம் அனுமதி பெற்று, சனிக்கிழமைகளில் நூலகத்திற் படம் காட்டத் தொடங்கினோம். வெள்ளை வேட்டி ஒன்றே திரை. சிங்களம் கற்பிக்கும் நண்பர் உரையாடல்களை விளக்க உடனிருந்தார்.

படத்தைக் குறித்து எமக்குப் பழைய மோகம் ஒன்று உண்டு. சிறு பிராயத்திலே தந்தையாரின் சைக்கிளின் முன் பாரில் இருந்து யாழ் நகருக்குப் படம் பார்க்கச் சென்றவர்கள் நாம். வெலிங்டன், ரீகல், வின்சர், மனோகரா, ராஜா, ராணி, ஸ்ரீதர், லிடோ என அக்காலத்துக் கொட்டகைகளின் பெயர்களைச் சொல்லும்போதே பழைய மாணவர் பலருக்கு முகம் மலரும். 1990 இல் மின்சாரம் நின்றது. அதன்பின் சில ஆண்டுகள், யாரோ வீட்டில் ஜெனரேற்றர் வைத்துப் படங் காட்டினால் முற்றத்தில் ஊரே கூடியிருக்கும். அப்படங்களிலும் துப்பாக்கி உண்டு. குண்டு வெடிப்பு உண்டு. கதாநாயகன் ஒருவன் இருபது பேரைச் சுட்டு வீழ்த்துவான். வெளியே உண்மையான எறிகணை ஓசை கேட்டால் எல்லோரும் எழுந்து பதுங்கு குழிக்கு ஓடுவோம். ஓசை அடங்கியதும் மீண்டும் வந்திருந்து, திரையில் வீழ்ந்தவர்களுக்குக் கை தட்டுவோம். இதன் விநோதம் அப்போது எமக்கு விளங்கவில்லை.

விளங்க வைத்த படங்கள் பின்னரே வந்தன. 1966 இல் வெளிவந்த ‘அல்ஜியர்ஸ் போர்’ என்னும் படத்தை இத்தாலிய நெறியாளர் கில்லோ பொந்தகோர்வோ ஆக்கினார். பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்சீரிய மக்களின் போராட்டமே அதன் பொருள். நெறியாளரின் பரிவு அப்போராட்டத்தின் பக்கமே நிற்பதை எவரும் உணரலாம். ஆயினும், பெண்ணொருத்தி கோப்பிக் கடையிற் குண்டை மறைத்து வைக்கும் வேளையில், அங்கிருப்போர் முகங்களைக் கமெரா ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. சிறு பிள்ளையொன்று ஐஸ்கிரீம் சுவைத்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவே. நெறியாளர் தம் கட்சியை விட்டுக் கொடுக்கவுமில்லை. அப்பிள்ளையின் முகத்தை மறைக்கவுமில்லை. அரசியற் சினிமாவில் மேலானவற்றின் இலக்கணம் இதுவென யாம் கருதுகிறோம். தன் பக்கம் எதுவென அறிந்திருத்தல். எதிர்ப் பக்கத்து முகத்தையும் கண் இமைக்காது பார்த்தல்.

நம் நாட்டிலும் அத்தகைய படங்கள் பிறந்தன. மாணவருக்கு யாம் முதலிற் காட்டியது பிரசன்ன விதானகே 1997 இல் ஆக்கிய ‘புரஹந்த களுவர’. முழுநிலா நாளின் இருள் என்பது அப்பெயரின் பொருள். பாரி இறந்தபின் அவன் மகளிர் நிலவைக் கண்டு நொந்து பாடிய புறப்பாட்டைக் கற்ற மாணவருக்கு இப்பெயரே பாதி கதையைச் சொல்லிவிடும். உலர் வலயத்துக் கிராமம் ஒன்றிலே வன்னிஹாமி என்னுங் கண்ணிழந்த முதியவர் வாழ்கிறார். போர்முனைக்குச் சென்ற அவருடைய மகனின் சவப்பெட்டி முத்திரையிட்டு வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. மகன் இறந்தான் என்பதை அவர் நம்ப மறுக்கிறார். நட்டஈட்டுப் பணத்துக்குரிய படிவத்தில் ஒப்பமிட வேண்டுமென ஊராரும் வீட்டாரும் வற்புறுத்துகின்றனர். மகளுக்குத் திருமணம் ஆகவேண்டும், வீடு அரைகுறையாக நிற்கிறது, கடன் இருக்கிறது. கிழவர் ஒப்பமிடவில்லை. இறுதியில் மண்வெட்டியுடன் சென்று புதைகுழியைத் தோண்டுகிறார். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பவை வாழைத்தண்டும் கற்களுமே. ஜோ அபேவிக்ரம என்னும் பெருநடிகர் அம்முதியவராக நடித்தார். இப்படத்தை 2000 ஆம் ஆண்டில் அரசு தடை செய்தது. நெறியாளர் உயர் நீதிமன்றம் சென்று 2001 இல் வெளியிடும் உரிமையை வென்றார்.

படம் முடிந்து விளக்கேற்றியபோது மாணவர் பேசவில்லை. கடைசி வாங்கில் இருந்த ஒருவன் மட்டும் குனிந்தபடியே இருந்தான். எல்லோரும் போனபின் எம்மிடம் வந்து, “சேர், எங்கடை அம்மம்மாவும் உப்பிடித்தான்” என்றான். அவனுடைய மாமன் 2009 இல் வட்டுவாகலில் ஆமியிடம் சரணடைந்தவர், பின்னர் காணப்படவில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிப் பணம் கிடைக்கும் என்று அதிகாரிகள் பலமுறை வந்து கூறினராம். கிழவி ஒப்பமிட மறுத்துவிட்டாள். “ஏன் வீணாய் அடம்பிடிக்கிறா எண்டு நானும் அவவோடை சண்டை பிடிச்சனான் சேர். அந்தச் சிங்களக் கிழவரைப் பாத்தாப் பிறகுதான் அவ என்ன சொல்லுறா எண்டு விளங்கிச்சு” என்றான்.

அன்பர்களே, 2017 ஆம் ஆண்டு முதலாகக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வேறிடங்களிலும் வீதியோரத்தில் இருந்து, காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடிப் போராடிய அன்னையரை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களுட் பலர் விடை காணாமலே கண் மூடினர். பணத்தையும் சான்றிதழையும் மறுத்து, உண்மையைத் தா என்று அவர்கள் கேட்டதும், குருட்டுக் கிழவர் மண்வெட்டியுடன் நடந்ததும் ஒரே நடைதான். தன் வீட்டுக் கிழவியைச் சிங்களக் கிழவர் ஒருவரின் முகத்திலே கண்டுகொண்ட அம்மாணவன், அடுத்த வாரம் யாம் கேளாமலே ஒரு கட்டுரை எழுதிக் கொண்டுவந்தான். அதில் எழுத்துப் பிழைகள் மிகுதி. ஆனால் அதில் அம்மம்மா இருந்தாள். அவள் நாள்தோறும் மாலையில் படலையைப் பூட்டாமல் விடுவது இருந்தது.

இவ்வளவில் யாம் நல்லாசிரியன் என்னும் பெருமையோடு இருந்தோம். அப்பெருமை அடுத்த சனிக்கிழமையே கழன்றது.

இரண்டாவதாகக் காட்டியது அதே நெறியாளரின் ‘இர மதியம’. 2003 இல் வெளிவந்தது. மூன்று கதைகள் அதில் ஒருங்கே ஓடுகின்றன. விமானப் படையிற் பணியாற்றிக் காணாமற்போன கணவன் புலிகளிடம் சிறைப்பட்டிருக்கலாம் என நம்பி, பத்திரிகையாளர் ஒருவர் துணையோடு வடக்கு நோக்கிச் செல்லும் இளம் பெண் ஒருத்தி. விடுமுறையில் வரும் இராணுவச் சிப்பாய் ஒருவன். தோழரோடு அனுராதபுரத்தில் விலைமகளிர் இல்லம் ஒன்றுக்குச் சென்று, அங்கே தன் தங்கையையே காண்கிறான். மூன்றாவது கதை அர்பாத் என்னும் முஸ்லிம் சிறுவனுடையது. இயக்கத்தினர் வந்து முஸ்லிம்கள் யாவரும் ஊரை விட்டு வெளியேறவேண்டும் என அறிவிக்கின்றனர். குடும்பம் புறப்படுகிறது. அர்பாத் தன் நாயையும் கொண்டு செல்லப் படாத பாடு படுகிறான். வரலாற்றின் பேரிழப்பு ஒன்றை நெறியாளர் ஒரு சிறுவன், ஒரு நாய் என்னும் அளவுக்குச் சுருக்கிவிட்டார். சுருக்கியதாலேயே அது தாங்கொணாததாயிற்று.

படம் முடிந்ததும் முன் வாங்கில் இருந்த மாணவன் எழுந்து, “சேர், இது உண்மையா நடந்ததோ?” என்று கேட்டான்.

“நடந்தது” என்றோம். ஆசிரியருக்குரிய குரலில் விவரமுங் கூறினோம். 1990 ஒக்டோபர் பிற்பகுதியில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் இயக்கம் வெளியேற்றியது. யாழ்ப்பாண நகரில் அது ஒக்டோபர் 30 ஆம் நாள், செவ்வாய்க்கிழமை நிகழ்ந்தது. ஒஸ்மானியாக் கல்லூரியருகே ஜின்னா மைதானத்துக்கு மக்களை அழைத்து, இரண்டு மணி நேரத்துள் வெளியேறுமாறு பணித்தனர். உடுத்த உடையோடும் சிறிதளவு பணத்தோடுமே அவர்கள் போனார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் அகதிகளாயினர். 2002 ஏப்பிரலிற் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் கூட்டத்தில் அன்ரன் பாலசிங்கம் அதனை ஓர் அரசியற் தவறென ஒப்புக்கொண்டார். இவ்வாறு ஆண்டும் எண்ணும் நாளும் ஒப்புவித்தோம்.

அவன் அமரவில்லை. “அண்டைக்கு நீங்கள் எங்கை சேர் இருந்தனீங்கள்?” என்றான்.

“நாங்கள் அப்ப சின்னப் பிள்ளை” என்றோம். மணி அடித்தது. அடித்த மணிக்கு உள்ளூர நன்றி கூறிக்கொண்டு நூலகத்தைப் பூட்டினோம்.

யாம் கூறியது பொய்யன்று. அப்போது எமக்கு வயது பத்து, ஐந்தாம் வகுப்பு. ஆயின் உண்மையும் அன்று. வண்ணார்பண்ணையில் எம் வீடு. சோனகத் தெரு நடை தூரம். வகுப்பில் எம் அருகே இருந்தவன் தையற்காரர் ஒருவரின் மகன். அவ்வருடத் தீபாவளிக்கு எம் சட்டையைத் தைத்தவர் அவன் தந்தையாரே. பொத்தான் ஒன்று குறைந்தது; பிறகு தருகிறேன் என்றார். தீபாவளி கழிந்து இரு வாரம் ஆகுமுன் அந்த நாள் வந்தது. மறுநாள் வகுப்பில் எம் அருகே இடம் வெறுமையாக இருந்தது. இடாப்புக் கூப்பிட்ட ஆசிரியை அவன் பெயரை வாசித்தார், சற்று நிறுத்தினார், அடுத்த பெயருக்குப் போனார். அதற்கடுத்த நாள் அப்பெயரை வாசிக்கவேயில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை.

சில மாதங்களின் பின் எம் தந்தையார் மேசை ஒன்றை வண்டிலில் ஏற்றி வந்தார். நல்ல தேக்க மேசை; விலையோ மிகச் சொற்பம். நீளமான மேசை, அதன் ஓர் ஓரத்திலே அங்குலக் கோடுகள் கீறப்பட்டிருந்தன. லாச்சியின் மூலையிற் குண்டூசிகளும், நீலச் சோக்குத் துண்டும் கிடந்தன. அது தையற்காரர் துணி வெட்டும் மேசை என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். அம்மா ஒரு முறை, “ஆற்றை மேசையோ, இது வேண்டாம்” என்று மெல்லச் சொன்னார். தந்தையார், “நாங்கள் வாங்காட்டில் வேறை ஆரும் வாங்குவினம்” என்றார். அதன்மேற் பேச்சில்லை. அம்மேசையிலேயே ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் யாம் படித்தோம். முதன்முதலாகக் கட்டுரைப் போட்டியிற் பரிசு பெற்றதும் அதன்மேல் எழுதிய கட்டுரைக்கே. எந்தத் தையற்காரரின் மேசை என்று யாம் ஒருபோதும் கேட்கவில்லை. கேட்டால் விடை கிடைத்துவிடும் என்னும் அச்சமே காரணம் போலும்.

பின்பு நிகழ்ந்ததை இம்மலரைப் படிப்போர் எல்லோரும் அறிவர். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஆம் ஆண்டின் அதே ஒக்டோபர் 30 ஆம் நாள், வலிகாம மக்கள் யாவரையும் உடனே வெளியேறுமாறு ஒலிபெருக்கிகள் கூவின. இராணுவம் நகரை நெருங்கிக்கொண்டிருந்தது. 4 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் ஒரே இரவில், மழையில், செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நகர்ந்தோம். மழைத் தண்ணீரைக் குடையிலே ஏந்திக் குடித்தோர் உளர். எம் வீட்டு நாய் செம்மணி வரையும் பின்னால் வந்தது. பின் கூட்டத்திற் காணாமற் போயிற்று. ஆறு மாதம் மீசாலையில் இருந்து, 1996 இல் மீண்டு வந்தபோது வீட்டிற் கதவுகளும் இல்லை, மேசையும் இல்லை. அம்மா வெறும் அறையைப் பார்த்து, “வந்த மாதிரியே போட்டுது” என்றார். எம் அம்மா அரசியல் பேசியதாக எமக்கு நினைவிலிருப்பது அந்த ஒரு வாக்கியமே.

இவையெல்லாவற்றையும் திரையில் அர்பாத்தையும் நாயையும் கண்ட கணத்திலே எம் மனம் ஒருங்கே கண்டது. செம்மணியிற் காணாமற் போன நாய்க்காக யாம் எத்தனையோ முறை வருந்தியதுண்டு. இடப்பெயர்வைப் பற்றிக் கவிதையும் எழுதியதுண்டு. எம் அருகே வெறுமையாயிருந்த இடத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை. மாணவரின் கட்டுரைகளில் முகமில்லை என்று குறை கண்டவர் யாம்.

ஒரு வாரம் உறக்கம் சரியாக இல்லை. அடுத்த சனிக்கிழமை படங் காட்டவில்லை. மாணவரை இருத்தி மேசையின் கதையைச் சொன்னோம். சொல்லி முடித்தபோது அவர்கள் எம்மை எவ்வாறு பார்ப்பார்களோ என்று அஞ்சினோம். சிலர் தலை குனிந்திருந்தனர். ஒருவன் எழுந்து, சற்றுக் கோபமாகவே, “எங்களுக்கு நடந்ததை ஆர் சேர் படமா எடுத்து அழுதவை? நாங்கள் மட்டும் ஏன் எல்லாரையும் நினைக்கவேணும்?” என்றான். முதல் வாரம் அம்மம்மாவைப் பற்றிச் சொன்னவன் அவனைத் திரும்பிப் பார்த்து, “எடுத்தவை. போன கிழமை பாத்தனாங்கள்” என்றான். மற்றவன் அமைதியானான். சமாதானம் அடைந்தான் என்று யாம் சொல்லமாட்டோம்.

உடனாசிரியர் ஒருவரும் எம்மோடு வாதிட்டார். “எல்லோரும் மனிதரே, எல்லோருக்கும் துயருண்டு என்று படங் காட்டிப் பிள்ளைகளை அழவைத்தால், யார் எதைச் செய்தார், யார் பொறுப்பேற்கவேண்டும் என்னுங் கேள்வி கண்ணீரிற் கரைந்து போகாதா?” என்றார். இது புறந்தள்ளத்தக்க வாதமன்று. மனிதாபிமானம் என்னும் பெயரால் நீதியைத் தட்டிக்கழிக்கும் படங்களும் உண்டு. துயரைத் தராசில் இட்டு இரு தட்டும் சமமெனக் காட்டிவிட்டுப் போவன அவை. ஆனால் ‘புரஹந்த களுவர’ அத்தகையதன்று. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பது கண்ணீரன்று, விசாரணை. அதனாலேயே அதற்குத் தடை வந்தது.

நம்மவரும் இவ்வகையில் முற்றுந் தூயவர் அல்லர். ஜூட் ரட்ணம் ஆக்கிய ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ என்னும் ஆவணப் படம், 1983 இன் வன்செயலையும் கூறி, நம் இயக்கங்கள் ஒன்றையொன்று கொன்றொழித்த கதையையும் கூறுகிறது. அது 2017 இல் கான் விழாவில் இடம்பெற்றது; அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துத் திரைப்பட விழாவில் அதன் திரையிடல் எதிர்ப்பினால் நிறுத்தப்பட்டது. அப்படத்தோடு உடன்படாதிருக்க எவருக்கும் உரிமையுண்டு. பார்த்தபின் உடன்படாதிருத்தலே கற்றோர்க்கு அழகு.

மூன்றாவதாக அசோக ஹந்தகம 2012 இல் ஆக்கிய ‘இனி அவன்’ படத்தைக் காட்டினோம். சிங்கள நெறியாளர் ஒருவர் தமிழ் மொழியிலேயே ஆக்கிய படம். போர் முடிந்தபின் முன்னாட் போராளி ஒருவன் ஊர் திரும்புகிறான். பிள்ளைகளை இயக்கத்துக்குக் கொண்டுபோனவன் என்று ஊரார் அவனை வெறுக்கின்றனர். காதலித்தவள் முதியவன் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கைம்பெண்ணாய் இருக்கிறாள். நகைக் கடையிற் காவலாளி வேலை கிடைக்கிறது. அவ்வேலையால் வேறொருவன் வேலை இழக்கிறான். 2022 இல் இளவயதிலேயே மறைந்த தர்ஷன் தர்மராஜ் அப்போராளியாக நடித்தார். வெளியூர்க் கண் ஒன்று நம்மூரைப் பார்ப்பதில் உள்ள குறைகளை மாணவர் நன்றாகவே எடுத்துக் காட்டினர். ஆனால், “உவரைப் போலை ஒராள் எங்கடை ஒழுங்கையிலை இருக்கிறார், ஒருத்தரும் கதைக்கிறேல்லை” என்று ஒருவன் சொன்னபோது, பக்கத்தில் இருந்தவன், “எங்கடை ஒழுங்கையிலையும்” என்றான். அல்லைப்பிட்டியிற் பிறந்து, சிறுவனாய் இயக்கத்திற் சேர்ந்து, பின் பாரிசில் எழுத்தாளரான அன்ரனிதாசன் யேசுதாசன் நடித்த ‘தீபன்’ 2015 இல் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றதை எண்ணி நாம் பெருமைப்படுகிறோம். பாரிசிலுள்ள தீபனுக்கு உலகம் கை தட்டியது. ஒழுங்கையிலுள்ள தீபனுக்கு நாம் வணக்கமும் சொல்வதில்லை.

எம் கதையின் எஞ்சிய பகுதியையுங் கூறி முடிப்போம். ஒரு மாலை சோனகத் தெருவுக்கு நடந்து சென்றோம். மீண்டு வந்து குடியேறிய குடும்பங்கள் சில அங்கே உள. கூரையற்ற சுவர்கள் இன்னும் சில நிற்கின்றன. சுவரினுள்ளே மரம் வளர்ந்திருக்கிறது. தையற் கடை ஒன்றிற் சட்டைக்கு அளவு கொடுத்தோம். எம்மினும் மூத்தவர் அவர். அளவுநாடா எம் தோள்மேல் இருக்கும்போதே மேசையின் கதையைச் சொல்லிவிட்டோம். அவர் அளவெடுப்பதை நிறுத்தவில்லை. கொப்பியில் எண்ணைக் குறித்தபின், “மாஸ்டர், இந்த றோட்டிலை அப்ப தையல்காரர் எத்தினை பேர். எல்லாற்றை மேசையிலையும் இஞ்சிக் கோடு இருந்தது” என்றார். எம் நண்பனின் தந்தையாரைப் பற்றி வினவினோம். அப்படி இரண்டு மூன்று பேர் இருந்தார்கள் என்றும், ஒருவர் புத்தளத்தில் மௌத்தாகிவிட்டார் என்றும் கூறினார். அவர்தானா என்று தெரியவில்லை. விடைபெறும்போது, “வெள்ளிக்கிழமை வராதையுங்கோ, சனிக்கிழமை வந்து எடுங்கோ” என்றார். மன்னிப்பைக் கேட்கப் போனவருக்குச் சட்டையின் தவணைதான் கிடைத்தது. ஆனால் சட்டை எடுக்கச் சென்ற சனிக்கிழமை எம்மோடு மாணவர் இருவரும் வந்தார்கள். அவர்களுள் ஒருவன், நாங்கள் மட்டும் ஏன் நினைக்கவேணும் என்று கேட்டவன்.

பழைய மாணவராகிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கடல் கடந்து வாழும் நீவிர் கல்லூரிக்குக் கட்டடங்களும் மைதானமும் கணினிகளும் உவந்தளித்தீர்கள். கல்லூரி என்றும் நன்றி மறவாது. இனி ஒரு சிறிய உதவியையும் வேண்டுகிறோம். நூலகத்தின் ஒரு மூலையில் நல்ல திரைப்படங்களின் தொகுப்பு ஒன்று அமையட்டும். வேட்டிக்குப் பதிலாகத் திரை ஒன்று தொங்கட்டும். மாதம் ஒரு முறை அயற் கல்லூரி மாணவரும், ஒஸ்மானியாக் கல்லூரிப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து அவற்றைப் பார்க்கட்டும். பார்த்தபின் வாதிடட்டும். எம் காலத்தில் ஒரு வாங்கில் ஓரிடம் வெறுமையாயிற்று. அதை நிரப்பும் ஆற்றல் எமக்கில்லை. அடுத்த தலைமுறையின் வாங்குகளை இடைவெளியின்றி அமைத்தல் கூடும்.

இவ்வாண்டின் உயர்தர வகுப்பினருக்கும் “போரும் மனிதரும்” என்னும் அதே தலைப்பைக் கொடுத்திருக்கிறோம். கொப்பிகள் எம் மேசைமேல் இருக்கின்றன. எழுத்துப் பிழைகள் மலிந்துள்ளன. சிவப்பு மையைச் சற்றே தாமதித்துத் தொட எண்ணியுள்ளோம்.

நம் கல்லூரித் தாய் நீடூழி வாழ்க!